மணிக்காரியும் கல் பூதமும்

என் நாத்தனாருக்குக் கையால் பேசுகிற பழக்கம். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால் வாயைத் திறக்கமாட்டாள். வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, விரல்களை இரண்டு முறை மடக்குவாள். எங்கள் வீட்டு உப்பு ஜாடி என்னமோ ஆறு டன் எடை மாதிரி. நானும் மறுபேச்சு பேசாமல் நகர்த்திவிடுவேன். அந்தக் கைக்கு அப்படி ஒரு அதிகாரம்.

உயரமான கட்டடங்கள் எழும்புகிற இடத்தில் கிரேனுக்குச் சைகை கொடுப்பது அவள் வேலை. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தரையில் இருப்பது பாதிதான் தெரியும். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கீழே நிற்கும் இவள் கையைப் பார்த்துத்தான் அவர் கம்பிக் கட்டைத் தூக்குவார், திருப்புவார், இறக்குவார். அங்கே ஒரு விதி இருக்கிறது. 'தூக்கு' என்று இவள் ஒருத்திதான் சொல்லலாம். 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னால் கிரேன் நின்றாக வேண்டும்.

ஒருமுறை டீ கொண்டுவருகிறவர் எதையோ பார்த்துப் பதறி "நிறுத்து, நிறுத்து" என்று கத்திவிட்டார். கிரேன் நின்றது. போய்ப் பார்த்தால் அது தார்ப்பாயின் நிழல். பொறியாளர் அந்த மனிதரைப் பிடித்துக் காய்ச்ச ஆரம்பித்தார். என் நாத்தனார் குறுக்கே போய் நின்றாளாம்.

"சார், இன்னைக்கு அவரைத் திட்டினா, நாளைக்கு நிஜமாவே ஏதாவது இருக்கும்போது வாயைத் திறக்கமாட்டாரு. அப்ப யார் பதில் சொல்றது?"

பொறியாளர் திரும்பிப் போய்விட்டாராம். இதை அவளே என்னிடம் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகத்தான். பெருமைப்படுவதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. எனக்குப் பிடித்த குணம் அது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீங்களே பார்த்து ஒரு ஃபிரேம் கொடுங்க" என்கிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி வீட்டில் இருப்பது பெரிய ஆறுதல்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றும் இருந்தது. ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, அதில் கம்ப்யூட்டர் வைத்து, அவள் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் அவள் நாற்காலியை இழுக்க வேண்டும். இழுத்தால், "அண்ணி, ஒரு நிமிஷம், கோட்டைக்குள்ள இருக்கேன்" என்பாள். முப்பத்தெட்டு வயதுப் பெண் கோட்டைக்குள் இருக்கிறாளாம். அதற்குள் பால் திரிந்துவிடும்.

"உங்க தங்கச்சிக்கு வேற வேலையே இல்லையா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அவ சின்ன வயசுல இருந்தே அப்படித்தான், விடு" என்று செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொள்வார். அண்ணனும் தங்கையும் ஒரே கட்சி. நான் எப்போதும் எதிர்க்கட்சி.

ஆனாலும் ஒரே கூடத்தில் துணி மடித்துக்கொண்டு எத்தனை நாள்தான் காதை மூடிக்கொண்டிருப்பது? மெல்ல மெல்ல எனக்கும் விஷயம் புரிந்தது. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஒன்றாக ஆடுகிற விளையாட்டு அது. முதலில் நீங்கள் யார் என்று ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள்காரர், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர், மணிக்காரர். எட்டுப் பேர் குழுவாகச் சேர்ந்துதான் ஒரு கோட்டைக்குள் போகலாம். கோட்டைக்குள் ஏதாவது ஒரு பூதம் உட்கார்ந்திருக்கும். அதை வீழ்த்த வேண்டும். அவ்வளவுதான்.

என் நாத்தனார் மணிக்காரி. மணிக்காரர் பெரிதாகச் சண்டை போடமாட்டார். பின்னால் நின்று மணி அடிப்பார். அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் கூட்டாளிகளின் ஒவ்வொரு அடிக்கும் பத்துப் புள்ளி பலம் கூடும், கால்களுக்கும் கொஞ்சம் வேகம் கூடும். அந்தக் காலத்தில் ஒரு வாள்வீச்சின் பலமே முப்பதுதான். மணி அடித்தால் நாற்பது. அதனால் மணிக்காரர் இல்லாமல் எந்தக் குழுவும் கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

அப்புறம் வருஷா வருஷம் புது வாள், புது வில், புது மந்திரம் என்று வந்துகொண்டே இருந்தது. முப்பது முந்நூறாயிற்று, முந்நூறு மூவாயிரமாயிற்று. மணி மட்டும் அதே பத்தில் நின்றது. விளையாட்டைச் செய்தவர்கள் வாளை வளர்த்தார்கள், பூதத்தை வளர்த்தார்கள். மணியை வளர்க்க மறந்துபோனார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் நடந்தது. மூவாயிரத்தோடு பத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் லாரி நிற்கிற இடத்தில் ஒரு டம்ளரோடு போய் நின்ற மாதிரி ஆயிற்று.

போதாததற்கு, சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று திரையில் ஒரு பலகை வரும். மணியால் கூடிய பலமும் வாள்காரர் கணக்கில்தான் ஏறும். என் நாத்தனார் எப்போதும் கடைசியில் இருப்பாள்.

அவள் குழுவுக்குத் தலைவன் ஒருவன். 'கேப்டன்' என்று கூப்பிடுவார்கள். நிஜத்தில் ஏசி ரிப்பேர் செய்கிறவன். குழுவை ஆரம்பித்தது அவனும் இவளும்தான். ஒருநாள் சாயந்திரம் அவன் குரல் ஸ்பீக்கரில் தயங்கித் தயங்கி வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சையும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

"சொல்லுப்பா."

"கல் பூதத்துக் கோட்டைக்குப் போறோம்ல... எட்டு பேரும் நல்லா அடிக்கணும். நீங்க வில்லாளியா மாறி வாங்களேன். ஒரே வாரத்துல பழகிடும் உங்களுக்கு."

"மாறலைன்னா?"

"அக்கா..."

"சரிப்பா, புரியுது. போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நீ ஆரம்பிச்ச குழுவுல இருந்து உன்னையே கழட்டி விடுறான். நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?"

"என்னத்தைக் கேக்க? அவன் சொன்னது சரிதான் அண்ணி. என் மணியால இப்ப யாருக்கும் பிரயோஜனம் இல்லை."

"அப்ப மாறித் தொலைய வேண்டியதுதானே?"

"மாறினா அடிக்கிறவங்கள்ல நான் எட்டாவது ஆள். அடிக்க ஏழு பேர் ஏற்கெனவே இருக்காங்க." நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "சைட்டுலயும் என்னைக் கூண்டுக்கு வா, கிரேன் ஓட்டக் கத்துக்கோன்னு கூப்பிட்டாங்க. நான் போகலை. கீழ நின்னு எல்லாத்தையும் பார்த்து, இன்னொருத்தர் கையைச் சரியா ஓட வைக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. அதுல நான் கெட்டி. எதுக்கு அண்ணி விடணும்?"

எதிர்க்கட்சி அன்று வெளிநடப்பு செய்தது.

கேப்டன் குழு அடுத்த வாரமே கல் பூதத்தை வீழ்த்திவிட்டது. அந்தக் கோட்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜெயிக்கிற எட்டுப் பேரின் பெயரும் வாசல் சுவரில் செதுக்கப்படும். ஆட்டப் பருவம் முடிகிற அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குக் கோட்டையை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். சுவர் மட்டும் அப்படியே நிற்கும், வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்க. என் நாத்தனார் தனியாகப் போய் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேப்டன் குழுவின் எட்டுப் பெயர்களில் அவள் இடத்தில் யாரோ ஒரு வில்லாளியின் பெயர் இருந்தது. அந்தச் சுவர் முழுக்கத் தேடியும் ஒரு மணிக்காரர் பெயர்கூட இல்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது, "அண்ணி, உப்பைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று வாயால் கேட்டாள். கை மேசைக்குக் கீழே இருந்தது. அந்த விளையாட்டை அத்தனை வருஷம் திட்டியவள் நான். இவள் பெயர் அந்தச் சுவரில் ஏறியே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றிவிட்டது. உப்பை எடுத்து அவள் தட்டுப் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன்.

விளையாட்டுக்குள் ஒரு சந்தை. சந்தை நடுவில் ஒரு கிணறு. எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். என் நாத்தனாரும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு மணிக்காரர். நிஜத்தில் பேக்கரி வைத்திருப்பவர். பொழுது போகாமல் இருவரும் மணி அடித்துக்கொண்டே சந்தையைச் சுற்றி ஓடினார்கள். ஓடும்போது அவள் நாற்காலியில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்களேன். நான் ஓடுறது வழக்கத்தை விட வேகமா இல்லை?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒரே ஓட்டமாத்தான் இருக்கு."

அவள் கேட்கவில்லை. கிணற்றடியில் இருந்த மூன்றாவது மணிக்காரரையும் எழுப்பி ஓடச் சொன்னாள். மூன்று பேரும் இன்னும் வேகமாக ஓடினார்கள். ஒருவர் மணி கொடுக்கிற வேகத்தோடு இன்னொருவர் மணி கொடுக்கிற வேகமும் சேர்ந்துகொண்டது. ஒரு குழுவில் ஒரு மணிக்காரருக்கு மேல் யாரும் எந்தக் காலத்திலும் சேர்த்துக்கொண்டதில்லை. அதனால் அப்படிச் சேரும் என்பது விளையாட்டைச் செய்தவர்களுக்கே தெரியாது.

"எட்டு மணி சேர்ந்தா, கல் பூதம் தன்னோட சுத்தியலைத் தூக்குறதுக்குள்ள ஓடி வெளிய வந்துடலாம். ஒருத்தரும் சாக மாட்டோம். நேரமாகும், ஆனா ஜெயிப்போம்" என்றாள். கை தோளுக்கு மேல் போயிருந்தது.

சனிக்கிழமைக்குள் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பேக்கரிக்காரர், ஒரு பல் டாக்டரம்மா, ஒரு லாரி ஓட்டுநர், இப்படி. மற்றவர்களை நான் குரலை வைத்து மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் ஒரே கதைதான். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் கோட்டைக்குள் போனார்கள். நான் சோபாவில் துணிக் குவியலோடு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை விரித்தார். கல் பூதம் மலை மாதிரி உட்கார்ந்திருந்தது. யாராவது முதல் அடி அடித்தால்தான் அது எழுந்திருக்கும். எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்று மணி அடித்தார்கள்.

பூதம் எழுந்திருக்கவில்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"ம்ம், ஆரம்பிங்க" என்றார் லாரி ஓட்டுநர்.

"நீங்க முதல்ல."

"அய்யோ, நீங்க அடிங்க டாக்டரம்மா."

"எனக்கு முன்னாடி யாராவது போனா நல்லா இருக்கும்."

பந்தி பரிமாறுகிற இடத்தில்கூட இவ்வளவு உபசாரம் நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் யாரோ பாவம் பார்த்து மணியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். பூதம் எழுந்தது. சுத்தியல் இறங்கியது. எட்டுப் பேரும் அணில் மாதிரி சிதறி ஓடித் தப்பித்தார்கள். அவள் கணக்குச் சரி, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பூதத்துக்கும்தான் ஒன்றும் ஆகவில்லை.

ஏனென்றால் மணி அடிக்கிற நேரத்தில் பூதத்தை அடிக்க முடியாது. ஏதாவது ஒன்றுதான் செய்யலாம். கொஞ்ச நேரம் அடி விழாமல் இருந்தால் பூதத்தின் காயம் தானாக ஆறிவிடும். இவர்களோ காலமெல்லாம் பின்னால் நின்று மற்றவர்களுக்குப் பலம் கொடுத்தே பழகியவர்கள். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் திணறினால் போதும், எட்டுக் கையும் ஒரே நேரத்தில் மணிக்குப் போகும். எல்லோரும் எல்லோருக்கும் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கத்தான் ஆள் இல்லை. பூதத்தின் காயம் பாதி வரை வரும், மறுபடி ஆறிப்போகும். பாதி வரும், ஆறிப்போகும். ஜன்னல் வெயில் ஃபிரிட்ஜைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. இப்படியே போனால் ஆறு மணிக்குப் பூதமே கோட்டையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே குறைவு. மடித்த போர்வையைச் சோபாவில் எறிந்துவிட்டு எழுந்தேன்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! மணி அடிச்சது போதும், யாராவது அந்தப் பூதத்தை அடிங்களேன்!"

ஸ்பீக்கரில் ஏழு குரல்களும் அடங்கின. "யாரு அது?" என்றார் லாரி ஓட்டுநர். இரண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

என் நாத்தனார் சிரிக்கவில்லை. 'நிறுத்து' என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் கை விசைப்பலகையிலிருந்து எழும்பிவிட்டது. உள்ளங்கையை விரித்து, அப்படியே பிடித்திருந்தாள். நிழலைப் பார்த்துக் கத்திய டீக்காரருக்கு நின்ற அதே கை.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள். எட்டுப் பேரும் பூதத்தை விட்டு விலகி வாசலுக்கு ஓடினார்கள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லுங்க அண்ணி. என்ன பார்த்தீங்க?"

"என்னத்தைப் பார்த்தேன்? எட்டு பேரும் மணி அடிக்கிறீங்க. ஒருத்தரும் அடிக்கலை. கண்ணு தெரியறவங்க யாருக்கும் தெரியும்."

அவள் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள். சைட்டில் அவள் பேசுகிற குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. அண்ணி சொல்றது சரி. நாலு பேர் அடிக்கிறோம், நாலு பேர் மணி. தப்பிச்சு ஓட நாலு மணி வேகமே போதும். நான் 'மாத்து'ன்னா ரெண்டு பக்கமும் வேலையை மாத்திக்கணும். மாத்துன்னு நான் ஒருத்திதான் சொல்வேன். பக்கத்துல இருக்கறவருக்குக் கஷ்டம்னு பரிதாபப்பட்டு யாரும் தன்னிஷ்டத்துக்கு மணியைத் தொடக்கூடாது. ஆனா 'நிறுத்து'ன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். சொன்னா எல்லாரும் வாசலுக்கு ஓடணும், எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா."

"முதல் அடி?" என்று பேக்கரிக்காரர் மெல்லக் கேட்டார்.

"என்னோடது" என்றாள். போய் ஓங்கி அடித்தாள்.

அதற்கப்புறம் நான் துணி மடிக்கவில்லை. "மாத்து... மாத்து... முன்னாடி நாலு உள்ள போ... மாத்து." மற்ற ஏழு பேரில் ஒருவருக்கும் அவள் கை தெரியாது. இருந்தாலும் கை திரைக்கு முன்னால் உயர்ந்தது, திரும்பியது, இறங்கியது. மணிப் பிடியால் அடிக்கிற அடி கொசுக்கடிதான். ஆனால் விட்டுவிடாமல் விழுந்தது. பூதத்தின் காயம் பாதியைத் தாண்டியது. ஒருமுறை பல் டாக்டரம்மா "நிறுத்து!" என்று கத்த, எட்டுப் பேரும் வாசலுக்குப் பறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் கூரையே இடிந்து விழுந்தது. "நல்லா பார்த்தீங்க டாக்டரம்மா. உள்ள போங்க. முன்னாடி நாலு" என்றாள், மூச்சுக்கூட வாங்காமல்.

கேப்டன் குழு கால் மணி நேரத்தில் முடித்த சண்டை இவர்களுக்குச் சாயந்திரம் வரை இழுத்தது. ஆறு அடிக்கச் சற்று முன்னால் கல் பூதம் முழங்கால் மடிந்து, முகம் குப்புற விழுந்தது. ஸ்பீக்கரில் ஒரே கூச்சல். லாரி ஓட்டுநர் அழுதார் என்று நினைக்கிறேன், சளி பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னார். வாசல் சுவரில் எட்டுப் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி மணி. என் நாத்தனார் பெயரை நான் திரையில் விரலை வைத்துப் படித்தேன். என் கண்ணில் தண்ணீர். எனக்குச் சளி இல்லை.

"அந்த அண்ணி இருக்காங்களா? அவங்களுக்கும் ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றார் பேக்கரிக்காரர்.

"பக்கத்துலதான் நிக்கிறாங்க. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் திட்டச் சொல்றேன்" என்றாள் இவள்.

இரண்டு நாள் கழித்துக் கேப்டன் கூப்பிட்டான். "அக்கா, சுவரைப் பார்த்தேன். அசத்திட்டீங்க. நம்ம குழுவுக்கே திரும்ப வந்துடுங்களேன், மணியோடயே வாங்க."

"சந்தோஷம்பா. ஆனா இங்க எட்டு பேர் நிறைஞ்சுட்டோம். யாரையும் கழட்டி விடுற பழக்கம் எங்களுக்கு இல்லை." குரலில் ஒரு சொட்டுக் கோபம்கூட இல்லை. அதுதான் நன்றாக உறைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டின்போது அவள் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. 

"என்னாச்சு?"

"புது விதி போட்டிருக்காங்க அண்ணி. இனிமே ஒரு குழுவுல எத்தனை மணி அடிச்சாலும் ஒரே ஒரு மணிதான் கணக்காம்."

"அடப்பாவிங்களா! அப்ப அந்தப் பத்து?"

"பத்து பத்தாவேதான் இருக்கு."

ஆக, பின்தங்கியிருந்த மணிக்காரர்கள் இப்போது இன்னும் பின்னால். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "இத்தனை வருஷம் உங்களை ஏறெடுத்துப் பார்க்காதவனுங்க, ஒருதடவை ஜெயிச்சதும் ஓடி வந்து காலை வாரி விடுறானுங்களா? இது நியாயமா?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர்தான் விதி போட்ட மாதிரி தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

என் நாத்தனார் சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் தோள் குலுங்க.

"எதுக்குடி சிரிக்கிற?"

"இத்தனை வருஷமா வாளுக்கு விதி போட்டாங்க, வில்லுக்குப் போட்டாங்க. மணிக்காரங்கன்னு ஒருத்தர் இருக்கறதையே மறந்துட்டாங்க. இப்ப எங்களைத் தடுக்கறதுக்குன்னே உக்காந்து யோசிச்சு ஒரு விதி எழுதியிருக்காங்க. எங்களைப் பார்த்துப் பயந்துட்டாங்க, அண்ணி."

செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஞாயித்துக்கிழமை எட்டு பேரும் கூடுறோம். வேற ஏதாவது வழி இருக்கும். நீங்களும் சோபாவுல இருங்க."

பிறகு வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, விரல்களை இரண்டு முறை மடக்கினாள். நான் உப்பை நகர்த்தினேன்.